ஆர்மோனியம் மலாய் பாடும் ஊர்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்து மக்களாகிய நாம் கிளம்பும் ஊர்கள் பெரும்பாலும் தெரிந்தவைதாம். பத்துமலை, மலாக்கா, பினாங்கு. கையில் கொஞ்சம் காசு புரண்டால் சிங்கப்பூர். ஜொகூரில் நம் பக்கத்திலேயே இருக்கும் மூவார் பட்டணத்தை, மீ பண்டுங் சாப்பிடவும் கட்டில் மேசை வாங்கவும் தவிர வேறு எதற்கும் நாம் நினைப்பதில்லை. வாசகர்களே, அந்த ஊரில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அங்கே கண்ணுக்கு விருந்து கொஞ்சம்தான், காதுக்குத்தான் நிறைய.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் பிரான்சன் என்று ஒரு சிறிய ஊர் உண்டு. அங்கே குடியிருப்பவர்கள் பன்னிரண்டாயிரம் பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் பாட்டையும் ஆட்டத்தையும் நேருக்கு நேர் பார்ப்பதற்கென்றே ஆண்டுதோறும் பல லட்சம் பேர் அந்த ஊருக்கு வருகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள பெரிய வண்டிகளை ஓட்டி வந்து, இரவில் அதிலேயே தங்கிவிடுகிறவர்களும் அவர்களில் உண்டு. இப்படி ஒரு வண்டி நம் நாட்டிலும் இப்போது வாடகைக்குக் கிடைக்கிறது; வாடகைதான் நம் சம்பளத்துக்கு எட்டாது. அதனால் என் மைத்துனர் தம் பழைய வேனின் பின் இருக்கைகளை மடக்கி, மெத்தை விரித்து, மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றையும் ஏற்றிக்கொண்டு, "மச்சான், நம்ம வீட்டு வண்டி தயார்!" என்றார். என் மாமியார், நாங்கள் இருவர், பிள்ளைகள் எனக் குடும்பமே ஏறிக்கொண்டது.

தங்காக் வழியாகப் போனோம். துணிக்கடைகளுக்குப் பேர் போன ஊர் அது. பின்னால் 1,276 மீட்டர் உயரத்தில் லேடாங் மலை நிற்கிறது. அதைக் கடந்தால் இருபுறமும் செம்பனை, இடையிடையே ரப்பர். தஞ்சோங் அகாஸ் தாண்டி, 1967-இல் திறக்கப்பட்ட சுல்தான் இஸ்மாயில் பாலத்தில் ஏறியதும் கீழே அகலமான மூவார் ஆறு, அக்கரையில் பட்டணம். சுல்தான் அபு பக்கார் இதை பண்டார் மகாராணி என்ற பெயரில் நிறுவினார். 1890 முதல் 1929 வரை இங்கிருந்து பாரிட் ஜாவா பக்கம் ஒரு குட்டி ரயில்கூட ஓடியது என்றால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். 2012-இல் இந்த ஊர் அரச நகரமாக அறிவிக்கப்பட்டது. ஆற்றோரத்தில் வெண்மையாக நிற்கும் சுல்தான் இப்ராகிம் பள்ளிவாசலையும், அருகே தஞ்சோங் எமாஸ் பூங்காவையும் மாலை வெயில் தாழ்ந்த பிறகு பார்த்தால் மனம் குளிரும்.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் மலாய் மொழி கற்பிக்கும் ஆசிரியையின் உறவினர் வீட்டுக் கல்யாணம் மூவாரை அடுத்த கம்போங் ஒன்றில் நடந்தது. அழைப்பின் பேரில் போயிருந்தோம். பந்தலின் ஓரத்தில் தாழ்வான மேடை. அதில் பாய் விரித்து ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசிப்பு தொடங்கியதும் என் மாமியார் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். "இது நம்ம கோயில்ல இருந்த பஜனைப் பெட்டியில்ல? இவங்ககிட்ட எப்படி வந்தது?" என்றார்.

பெட்டி என்றால் ஆர்மோனியம். மேடையின் நடுவில், எல்லாரையும் நடத்திச் செல்லும் இடத்தில், ஆர்மோனியம் இருந்தது. ஒருபுறம் தபேலா. மறுபுறம் பிடில். அப்புறம், வயிறு பருத்த வீணை போன்ற காம்புஸ். அவற்றுக்குத் துணையாக ஒரு கித்தார். பாடியதோ மலாய் மொழியில். இதன் பெயர் கஸல். மலாய்க்காரர்கள் ஜொகூருக்கே உரிய கலை என்று இதைக் கொண்டாடுகிறார்கள். மூவார் அதற்குப் பேர் பெற்ற ஊர்களில் ஒன்று.

மாமியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நூறாண்டுக்கு மேல் பின்னால் போக வேண்டும். கஸல் என்பது முதலில் அரபு, பாரசீக, உருதுக் கவிதை வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்திய வணிகர்களும் பாட்டுக்காரர்களும் அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். ஜொகூர் அரச குடும்பமும் பிரபுக்களும் விரும்பிக் கேட்டு ஆதரித்தார்கள். முதலில் அதில் சாரங்கியும் சித்தாரும் இருந்தன. பாக் லோமாக் என்று மக்கள் அன்போடு அழைத்த ஹாஜி மூசா யூசோப் போன்ற கலைஞர்கள் சாரங்கிக்குப் பதில் பிடிலையும், சித்தாருக்குப் பதில் காம்புஸையும் சேர்த்தார்கள். உருதுச் சொற்கள் இருந்த இடத்தில் மலாய்ப் பந்துன் வந்து அமர்ந்தது.

பந்துன் நாலடிப் பாட்டு. முதல் இரண்டடி ஆறு, மரம், மீன் என்று எதையோ பேசும். அடுத்த இரண்டடியில்தான் சொல்ல வந்த கருத்து இருக்கும். ஒருவர் பாட இன்னொருவர் பதில் பாடுவதும் உண்டு; நம் தெம்மாங்கில் ஏட்டிக்குப் போட்டி பாடுவது போல. மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து விண்ணப்பித்து, 2020-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பந்துன் இடம் பிடித்தது.

அந்தப் பாயை மறுபடி நினைத்துப் பாருங்கள். தபேலா வட இந்தியாவிலிருந்து வந்தது. காம்புஸ் அரபு நாட்டிலிருந்து வந்தது. பிடிலும் கித்தாரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. ஆர்மோனியத்தின் கதை இன்னும் வேடிக்கை. பாரிஸ் நகரில் 1842-இல் உரிமை பதிவான கருவி அது. இந்தியாவுக்கு வந்த பிறகு, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு மறுகையால் வாசிக்கும்படி சிறிதானது. இத்தனை நாட்டுப் பொருளும் ஒரே பாயில் உட்கார்ந்து மலாய்ப் பாட்டுக்கு வாசிக்கின்றன.

தமிழ் நாடகத்துக்கும் ஆர்மோனியம்தான் உயிராக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடைகளில் ராஜா வருவதற்கு முன்பே பெட்டி வந்துவிடும். கப்பலேறி மலாயாவுக்கு வந்த நாடகக் குழுக்களோடு அதுவும் வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் வெள்ளிக்கிழமை பஜனைக்கும், திருவிழா மேடையில் நம் வாலிபர்கள் போட்ட வள்ளி திருமணத்துக்கும் அதுவே துணை. இந்தியாவிலோ அதற்குச் சோதனை வந்தது. கட்டைகளுக்கு இடையே சுரத்தை வளைத்துக் கமகம் காட்ட முடியாது என்று சொல்லி, அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அந்த ஆண்டுகளிலும் மூவார் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

நம் தோட்டங்களில் எந்த வானொலியும் தடை போடவில்லை. தோட்டம் கைமாறியது, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். வாசிக்கத் தெரிந்தவர் காலமானதும் பெட்டி கோயில் அலமாரிக்குள் போனது. இப்போது திருவிழா என்றால் ஒலிபெருக்கிக்காரரை அழைக்கிறோம்; அவர் ஒரு விரலால் பொத்தானை அமுக்கினால் பாட்டு வருகிறது. என் வகுப்பில் ஆர்மோனியம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். பதினான்கு பிள்ளைகளில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அதிலும் ஒருத்தி படத்தில்தான் பார்த்தவள்.

இதைச் சொன்னால், "காலம் மாறிப்போச்சு சார், என்ன செய்வது?" என்பார்கள். காலம் மூவாருக்கும்தான் மாறியது. அங்கேயும் கைத்தொலைபேசி இருக்கிறது. அங்கேயும் இளைஞர்கள் வேலை தேடி ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். ஆனால் அன்று தபேலாக்காரரின் பக்கத்தில் பத்து வயதுப் பேரன் ஒருவன் உட்கார்ந்து, தன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு பாட்டுக்கு மட்டும் தாத்தா தபேலாவை அவன் பக்கம் நகர்த்திவிட்டார். அவன் இரண்டு இடத்தில் தடுமாறினான். யாரும் சிரிக்கவில்லை, கல்யாண வீட்டில் அதை ஒரு குறையாகவும் எண்ணவில்லை. மாநில அளவில் ஜொகூர் பாரம்பரிய அறவாரியம் கஸலையும் சாப்பின் ஆட்டத்தையும் பேணி வளர்க்கிறது என்பது உண்மைதான். இருந்தாலும், தாத்தா தபேலாவை நகர்த்திவிடாவிட்டால் எந்த அறவாரியம் என்ன செய்ய முடியும்?

நம்மாலும் முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. உறுமி மேளத்தைப் பாருங்கள். தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நம் பையன்கள் கூடிவிடுகிறார்கள். தோல் கட்டுகிறார்கள், இரவெல்லாம் அடித்துப் பழகுகிறார்கள். யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கருவி அவர்கள் கையில் இருக்கிறது. கேட்க ஊர் இருக்கிறது. ஒரு கலைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆகவே போய் வாருங்கள். மூவாரில் தினமும் கஸல் நடக்காது. விடுமுறைக் காலத்தில் கல்யாணங்கள் அதிகம். மலாய் நண்பர்களிடம் கேட்டு வைத்தால் மகிழ்ச்சியோடு அழைத்துப் போவார்கள். வண்டியில் தூங்குவதானால் ஆற்றோரத்தில் இடம் கேட்டு நிறுத்துங்கள். கொசுவர்த்தி மறக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் சாத்தே சாப்பிடும் ஊர் அது. வாட்டுகிற வாசனையே உங்களை எழுப்பிவிடும்.

திரும்பி வந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கோயில் அலமாரியைத் திறந்து பாருங்கள். பெட்டி அங்கே இருந்தால் தூசி தட்டி, துருத்தியில் ஓட்டை இருந்தால் ஒட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டத்திலோ தாமானிலோ வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். வெள்ளிக்கிழமை பூசைக்கு அவரை அழைத்து வந்து, பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை உட்கார வையுங்கள். எங்கள் தோட்டத்தில் என் மாமியார் சாவி கேட்டுத் தலைவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.