சின்னவனுக்கு ஒரு துவக்கு

துவக்கைப் பற்றி எழுதப்போறம் எண்டு சொன்னவுடன் எங்கட நண்பர்களில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். நியாயம்தான். எங்கட வயதுக்காரருக்குத் துவக்கு எண்டால் சென்றி, சோதனைச் சாவடி, இடம்பெயர்வு. ஆனால் வன்னியில் அதற்கு முந்தியே வேறொரு துவக்கு இருந்தது. வயலுக்குக் காவல் போன துவக்கு. எங்கட சித்தியின்ர மகனுக்கு, வீட்டில் எல்லாரும் சின்னவன் எண்டு கூப்பிடுகிற இருபத்துமூன்று வயதுக்காரனுக்கு, அப்படி ஒன்று தேவைப்பட்டது. எது பொருந்தும் எண்டு பார்க்க, அண்ணன்மார் நாங்கள் இரண்டு பேரும் பெரியப்பாவோடு அலைந்த கதை இது.

சின்னவன் வவுனிக்குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் செய்கிறான். காலபோகத்தில் கதிர் பால் பிடிக்கிற நேரம் பன்றி இறங்கும். தின்னுவது கொஞ்சம், உழக்கி மடிக்கிறது மிச்சம். வெருளி கட்டிப் பார்த்தான், தகரம் தட்டிப் பார்த்தான், சீனவெடி கொளுத்திப் பார்த்தான். முதல் இரண்டு இரவு ஓடின பன்றி மூன்றாம் இரவு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்து தின்னுமாம். 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் மரஅணிலும் எண்ணின நாளில், "இரவு எட்டு மணிக்கு வந்து என்ர வயலில பன்றியை எண்ணுங்கோ" எண்டு சின்னவன் குடும்ப வட்சப் குறூப்பில் போட்டிருந்தான்.

அந்த ஊரில் பன்றிக்கு வேறு மருந்துகளும் உண்டு. தீனுக்குள் வைக்கிற பன்றிவெடி, வேலியில் திருட்டுக் கரண்ட், கட்டுத்துவக்கு. பன்றிவெடியை யானைக்கன்று கடித்தால் தாடை சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்காய்க் கிடந்து சாகும். கட்டுத்துவக்கு இன்னும் மோசம். மிருகம் வருகிற தடத்தில் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். காலையில் விறகுக்குப் போகிற பெண்ணா, மாடு தேடிப் போகிற பெடியனா, சிறுத்தையா எண்டு அதுக்குத் தெரியாது. சின்னவனிடமும் ஒருவர் வந்து மலிவாய் ஒன்று கட்டித் தாறன் எண்டு கேட்டிருக்கிறார். வேண்டாம் எண்டு சொல்லிவிட்டுத்தான் எங்களுக்குப் போன் எடுத்தான். ஒழுங்காய் லைசன்சோடு துவக்கு எடுப்பம், எது எடுக்கிறது எண்டு சொல்லுங்கோ அண்ணை எண்டான். இந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் பஸ் ஏறினோம்.

அவனுக்கு மனதில் இருந்தது றிப்பீட்டர். முன்பிடியை இழுத்து இழுத்து ஐந்து வெடி போடுகிற சாமான். எங்கிருந்து இந்த ஆசை வந்தது எண்டு நாங்கள் கேட்கத் தேவையில்லை. நாங்களும் பப்ஜி விளையாடினவர்கள்தான், எஸ்1897 கிடைத்தால் எஸ்686ஐக் கீழே போட்டவர்கள்தான். பெரியப்பா பப்ஜி விளையாடினவர் இல்லை. "அஞ்சு வெடி ஏன்ரா? முதல் வெடி படாட்டி பன்றி பத்தைக்குள்ள. மிச்ச நாலையும் இருட்டுக்குத்தான் வைப்பாய்" எண்டார்.

ஆனால் றிப்பீட்டரை உண்மையில் விழுத்தியது பெரியப்பாவின் வாய் இல்லை, சின்னவனின் கண். முற்றத்தில் நிற்க வைத்து, இரண்டு கண்ணையும் திறந்தபடி தூரத்துத் தென்னை மரத்தைச் சுட்டுவிரலால் காட்டச் சொன்னோம். பிறகு ஒவ்வொரு கண்ணாய் மூடச் சொன்னோம். எந்தக் கண் திறந்திருக்கிறபோது விரல் மரத்திலேயே நிற்கிறதோ, அதுதான் முந்துகிற கண். சின்னவன் வலக்கைக்காரன். முந்துகிற கண் இடது. மூன்று தரம் செய்தும் அதே முடிவு. வலது தோளில் சோங்கை வைத்து இரண்டு கண்ணையும் திறந்து குறி பார்த்தால் அவனுக்கு வெடி ஒரு பக்கம் விலகித்தான் போகும். சொட்கனுக்குக் குறி எண்டு ஒன்றும் பெரிதாய் இல்லை; கண்தான் குறி. ஆகவே ஒன்றில் இடது கண்ணை மூடிப் பழகவேணும், இல்லாவிட்டால் இடது தோளுக்கு மாறவேணும். இருட்டில் ஒரு கண்ணை மூடினால் பாதி வயல் போய்விடும். இன்னும் ஒரு வெடிகூட வைக்காத ஆள்தானே, இடது தோளிலேயே தொடங்கட்டும் எண்டு முடிவெடுத்தோம். சாதாரண றிப்பீட்டர் வெறுந்தோட்டாவை வலப்பக்கத்தால் துப்பும். இடது தோள்காரனுக்கு அது முகத்துக்கு முன்னால் பறக்கும். நடுவில் முறித்துத் திறக்கிற துவக்குக்கு இடம் வலம் கிடையாது. அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்தது போர். 12 போர் எண்டால் என்ன எண்டு எங்களுக்கும் நீண்ட காலம் தெரியாது. ஒரு இறாத்தல் ஈயத்தைச் சமமாய் 12 உருண்டை ஆக்கினால், ஒரு உருண்டையின் அளவுதான் அந்தக் குழலின் வாய். 20 உருண்டை ஆக்கினால் 20 போர். அதனால் எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். சின்னவன் ஐந்தடி மூன்று அங்குலம், மெலிந்த ஆள். அவனுக்கு எழுத்தில் பொருந்துவது 20 போர்தான். உதை குறைவு, பாரம் குறைவு, முப்பது மீற்றரில் நிற்கிற பன்றிக்கு நல்ல தோட்டா போட்டால் போதும். ஆனால் சுற்றுவட்டாரத்தில் லைசன்ஸ் வைத்திருக்கிற எல்லோரிடமும் இருப்பது 12. 20 போர்த் தோட்டாவுக்கு அவன் எங்கே திரிவான்? இன்னொரு பயமும் இருக்கிறது. 20 போர்த் தோட்டா 12 போர்க் குழலுக்குள் தவறிப் போனால் உள்ளே வழுக்கிப் போய் நடுவில் இறுகும். குழல் வெறுமை எண்டு நினைத்துப் பின்னால் 12ஐப் போட்டு இழுத்தால் குழல் கையிலேயே வெடிக்கும். 20 போர்த் தோட்டாவை மஞ்சளாய்ச் செய்வது அதுக்காகத்தான். காவல் கொட்டிலில் நாலு பேரின்ர தோட்டா ஒரே பையில் கிடக்கிற ஊரில் அந்த மஞ்சளை மட்டும் நம்ப ஏலாது.

ஆக 12. இப்போது உதையைப் பற்றி யோசிக்கவேணும். பாரம் குறைந்த துவக்கு இளம் ஆளுக்கு நல்லது எண்டு எல்லோரும் நினைக்கிறார்கள். தூக்க நல்லது, உண்மை. ஆனால் ஒரே தோட்டாவைப் போட்டால் பாரம் குறைந்த துவக்குத்தான் தோளில் கூட அடிக்கும். முதல் ஐந்து வெடியில் தோள் கன்றினவன் ஆறாம் வெடிக்கு, தனக்கே தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பான். அப்போது காயம் படுமே தவிரப் பன்றி சாகாது. வெடிபட்ட பன்றி எங்கே எண்டு இருட்டில் தேடிப் போவதைவிட முழு வயலையும் அதுக்கே விட்டுவிடலாம் எண்டார் பெரியப்பா. இதைச் சொல்லும்போது அவர் தன் இடது தொடையைத் தடவினார். நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

பார்த்த முதல் துவக்கு ஒரு இரட்டைக்குழல். லைசன்ஸ் வைத்திருந்த ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கைமாற்ற அனுமதி கேட்டிருக்கிறார். பழைய இங்கிலாந்துச் சாமான், பூட்டின் மேல் சின்னச் சின்னக் கொடிவேலை. தூக்கினவுடன் பெரியப்பாவின் முகம் மாறியது. அவரிடமும் இப்படி ஒன்று இருந்ததாம். எண்பதுகளில் ஒருநாள் இரவு வந்து கேட்டார்கள், கொடுத்துவிட்டார். துண்டு ஒன்று எழுதிக் கொடுத்தார்களாம், அது நாலாவது இடப்பெயர்விலோ ஐந்தாவதிலோ போய்விட்டது.

வடிவுக்கு மயங்காமல் பார்க்கவேணும் எண்டு அவரே சொன்னார். முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துவக்கை மெல்ல ஆட்டினோம். பூட்டு 'கடக் கடக்' எண்டு ஆடியது. குழலைத் தனியே கழற்றி, கொளுவியில் தொங்கவிட்டு, விரல் மொழியால் தட்டினார் பெரியப்பா. இரண்டு குழலையும் ஒட்டியிருக்கிற ஈயப்பற்று உறுதியாய் இருந்தால் கோயில் மணி மாதிரி இழுத்துக் கேட்கும். இது பானையில் தட்டினது மாதிரி 'டப்' எண்டு நின்றது. கடைசியாய்க் குழலின் அடியில் பொறித்திருந்ததை ரோச் அடித்துப் பார்த்தோம். தோட்டா அறை 65 மில்லிமீற்றர். இப்போது வருகிற தோட்டா அநேகமாய் 70. இதில் ஆபத்து என்னவெண்டால், வெடிக்காத 70 தோட்டா அந்த அறைக்குள் சிக்கலில்லாமல் போய் இருக்கும், கதவும் பூட்டும். வெடிக்கும்போதுதான் அதன் மடிந்த வாய் விரிந்து, குழல் ஒடுங்குகிற இடத்தில் போய் அடைக்கும். அமுக்கம் ஏறும். ஆடுகிற பூட்டுக்குப் பக்கத்தில் இருப்பது சின்னவனின் முகம்.

ஐயாவுக்கு நன்றி சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் பெரியப்பா அதிகம் கதைக்கவில்லை.

இரண்டாவது ஒற்றைக்குழல். வடிவு எண்டு சொல்ல ஒன்றுமில்லை, சோங்கில் பெயின்ற் உரிந்திருந்தது. ஆனால் பூட்டு இறுக்கம், அறை 70, குழலுக்குள் பார்த்தால் கண்ணாடி. பாரமும் ஓரளவு இருந்தது. துவக்கு வெறுமை எண்டு மூன்று பேரும் பார்த்தபிறகு சின்னவனின் இடது தோளில் வைத்துப் பார்த்தோம். கன்னத்தைச் சாய்க்கும்போது மூக்குக்கும் விசைக் கையின் பெருவிரலுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருக்கவேணும். அவனுக்கு நாலு விரல். எட்டிப் பிடிக்கிறான், முதுகு பின்னால் வளைகிறது. வளர்ந்த ஆளுக்குச் செய்த சோங்கு. பரவாயில்லை, இது குணப்படுத்தக்கூடிய வருத்தம். அனுமதி வந்தபிறகு தச்சுவேலைக்காரரிடம் கொடுத்து ஒன்றேகால் அங்குலம் அறுத்து, அடியில் தடித்த றப்பர் வைத்தால் உதையும் குறையும். அறுத்த துண்டை எறியாமல் வைக்கச் சொன்னோம்; அவனுக்குப் பிறகு எடுக்கிற ஆள் நெட்டையாய் இருக்கலாம். வெடி வைத்துப் பார்க்கவில்லை. லைசன்ஸ் இல்லாத கைக்கு அது குற்றம், 1916 இல் வந்த சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஒற்றைக்குழலில் எங்களுக்குப் பிடித்தது அதன் சோம்பல். ஒரு தோட்டா போடவேணும், சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுக்கவேணும், பிறகுதான் விசை. இந்த மூன்றுக்கும் இடையில், முன்னால் நிற்பது பன்றியா பக்கத்து வயல்காரனா, பன்றிக்குப் பின்னால் யாருடைய காவல் கொட்டில் எண்டு பார்க்க நேரம் கிடைக்கும். எஸ்.ஜி. தோட்டாவின் சன்னம் பன்றியைத் தப்பினாலும் அந்த இடத்தில் நிற்காது, சில நூறு மீற்றர் போகும். வன்னி வயல் தட்டை. தடுக்க ஒரு பிட்டிகூட இல்லை. அதனால் பரணில் ஏறி, கீழ்நோக்கி, மண் ஏந்துகிற மாதிரித்தான் வெடி எண்டு பெரியப்பா கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறார். சுத்தியல் துவக்கில் ஒரு குறையும் உண்டு. இழுத்த சுத்தியலை வெடிக்காமல் திரும்ப இறக்கவேணுமெண்டால் பெருவிரலால்தான் இறக்கவேணும், பனியில் நனைந்த விரல் வழுக்கும். ஆகவே பன்றியை முழுதாய்க் காணும்வரை சுத்தியலில் கை வைப்பதில்லை எண்டு அவனிடம் சொல்லுவித்தோம். வாயால் சொல்லுவித்ததோடு விடாமல், வெறுந்துவக்கோடு அந்த ஒழுங்கை இருபது தரம் செய்வித்தார் பெரியப்பா. பதினைந்தாவது தரத்தில் சின்னவன் சிரிப்பதை விட்டிருந்தான்.

சித்தியைப் பற்றிச் சொல்லவில்லை. இந்த அலைச்சல் முழுக்க அவ ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவவின்ர தம்பி, எங்கட மாமா, பதினெட்டு வயதில் துவக்கோடு போனவர். படம்கூட வீட்டில் இல்லை. நாங்கள் பூட்டு, போர், சோங்கு எண்டு கதைத்துக்கொண்டிருக்க அவ அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. இரவு சாப்பாடு போடும்போதுதான் கேட்டா.

"வீட்டில எங்க வைப்பியள்?"

அறைக்குள் பூட்டி வைப்பம் அம்மா எண்டான் சின்னவன்.

"துவக்கை நீ எங்கயும் பூட்டு. தோட்டா என்ர அலுமாரியில. திறப்பு என்னட்ட. காவலுக்குப் போகேக்க எண்ணித் தருவன், வரேக்க எண்ணி வாங்குவன். வெறுங்கோதையும் கொண்டுவரவேணும்."

துவக்கும் தோட்டாவும் வேறு வேறாய்ப் பூட்டப்படவேணும் எண்டு நாங்களும் சொல்லத்தான் இருந்தோம். அவ முந்திவிட்டா. சின்னவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பெரியப்பா பார்த்த பார்வையில் சோற்றுக்குள் குனிந்தான்.

கடுதாசிகள் இப்போது கச்சேரியில் இருக்கின்றன. கிராம சேவகரின் கடிதம், வயல் உறுதியின் பிரதி, பொலிஸ் அறிக்கை எல்லாம் போய்விட்டன. வந்தாலும் வருசாவருசம் புதுப்பிக்கவேணும். இந்தக் காலபோகத்துக்குள் கிடைக்குமோ எண்டு கேட்டால் எழுதுவினைஞர் சிரிக்கிறாராம். சின்னவன் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒரு தடியின் அடியில் சுற்றி வைத்திருக்கிறான். நீளத்துக்குத் துவக்கின் அளவு. பின்னேரங்களில் முற்றத்தில் நிண்டு அதை இடது தோளுக்கு ஏற்றி இறக்கிப் பழகுகிறான். சித்தி வாசலில் இருந்து அரிசி புடைத்தபடி, "குனியாத, நிமிர்ந்து நில்" எண்டு சொன்னதாய் நேற்று வட்சப்பில் போட்டிருந்தான்.