இசையும் இரைச்சலும்

எவ்வொலி இசையாம், எவ்வொலி இரைச்சலாம் என வரையறுக்கும் உரிமை யாருக்குரியது? ஒலிக்கும் கருவிக்கோ, கேட்கும் செவிக்கோ, அன்றி ஊராரின் வழக்கிற்கோ? இவ்வினா எமக்கு நூலினின்றும் பிறந்ததன்று. விடுதி அறையில் நண்பரொருவர் தம் கைப்பேசி வாயிலாக எமக்குக் கேட்பித்த ஓர் இசைத்தொகுதியினின்றும் பிறந்தது. அதன் பெயர் ‘மகிழ்ச்சி’. 2018-ஆம் ஆண்டில் அதனைத் தம் முதல் ஆல்பமாக வெளியிட்டவர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் சென்னைக் குழுவினர்.

யாம் கேட்டுக்கொண்டிருக்குங்கால், அடுத்த அறை அன்பர் ஒருவர் எட்டிப் பார்த்து, “இஃதென்ன சாவு வீட்டு இரைச்சல்? நிறுத்துங்கள்” என்றார். அவர் விளையாட்டாகவே சொன்னார். ஆயினும் அச்சொல் எம் நெஞ்சில் தைத்தது. என்னை? அச் ‘சாவு வீட்டு இரைச்சலை’ எழுப்பியே எம் பாட்டனார் தம் மக்கள் நால்வரையும் வளர்த்தவர்.

நிற்க. அக்குழுவினரைப் பற்றிச் சிறிது கூறுதும். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மா அவர்களும் கூடி 2017-இல் இக்குழுவை உருவாக்கினர். 2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இவர் முதன்முதல் மேடையேறினர். வடசென்னைக் கானாவும், ராப்பும், ராக்கும் இவர்பால் ஒன்றாயின. கித்தாரின் அருகே பறையும் சட்டியும் நிகராக நின்றன. ஆடவர்க்கே உரியதுபோல் இருந்த கானாவைப் பெண்குரலில் பாடிய இசைவாணி அவர்களும் இவருள் ஒருவர். சாதியற்ற தமிழர் எனும் கருத்தை வலியுறுத்தியவரும், 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவருமாகிய பண்டிதர் அயோத்திதாசர் வழியிலேயே குழுவின் பெயரும் அமைந்தது. பாட்டென்றால் திரைப்பாட்டே எனக் கருதும் நம் நாட்டில், படமும் நாயகனுமின்றி, இடஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் பொருளாக்கி இவர் பாடியது புதுமையே.

இனி, இரைச்சலை விரும்பி இசையாக்கிய வரலாறு மேனாட்டில் உண்டு. இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ, எந்திரங்களின் ஓசையும் இசையாதற்குரியதென 1913-இல் எழுதினார். நியூயார்க்கின் ‘வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’ குழுவினரின் முதல் ஆல்பம் 1967-இல் வந்தது. கித்தாரின் ஒலி ஸ்பீக்கரினின்று புறப்பட்டு, மீண்டும் அக்கித்தாரின் நரம்புகளையே அதிர்வித்து, அவ்வதிர்வு மறுபடி ஸ்பீக்கரை அடைந்து, பெருகிப் பெருகி ஊளையிடும். பிறர் பிழையென்று நீக்கும் அவ்வூளையையே இவர்கள் பாட்டின் உறுப்பாக்கினர். அவர் வழியில் பின்னெழுந்ததே ‘நாய்ஸ் ராக்’ என்னும் வகை. ‘மகிழ்ச்சி’ முற்றும் அவ்வகையினது என்று யாம் கூறோம். ஒன்று மட்டும் கூறுதும்: மேனாட்டார் இரைச்சலைத் தேடிச் சென்று தமதாக்கினர், எம்மவரோ, தொன்மையான இசையொன்றைக் கையில் வைத்திருந்தும், அதனை அடித்த கை இன்னார் கை என்பதனாலேயே ‘இரைச்சல்’ என்னும் பெயரைப் பெற்றனர்.

தமிழ் பயிலும் எமக்கு இதன் கொடுமை நன்கு தெரியும். தொல்காப்பியனார் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தற்கு மீன்கோட்பறை என ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு பறை. இவற்றைத் தேர்வில் பிழையின்றி எழுதி யாம் நன்மதிப்பெண் பெற்றோம். ஆயினும் ஒருநாள் வகுப்பில் ஆசிரியர், “உங்களுள் பறையை அருகிருந்து அறிந்தவர் உளரோ?” என வினவியபோது, யாம் பாடநூலைப் பார்த்துத் தலை குனிந்திருந்தோம்.

எம் ஊர் பேராவூரணியை அடுத்தது. கல்லணைக் கால்வாயின் கடைமடை. நெல்லும் தென்னையும் சூழ்ந்த மண். அங்கே பறைக்குத் ‘தப்பு’ என்று பெயர். மூன்று மரத்துண்டுகளை வளைத்து இணைத்த வட்டச் சட்டத்தில், புளியங்கொட்டைப் பசையிட்டு மாட்டுத்தோலை இழுத்துக் கட்டுவர். அடிக்குமுன் வைக்கோல் தீயில் காய்ச்சுவர். தோலின் ஈரம் நீங்கி, அது விறைத்து, ஒலி கணீரென எழும். எம் பாட்டனார் இவையெல்லாம் அறிந்தவர். ஆனால் திருமுழுக்குப் பெற்றபின் அவர் அதனைத் தொடவில்லை. ஆலயத்தில் ஆர்மோனியம் இருந்தது, தப்பிற்கு இடமில்லை. “அது பழைய வாழ்வின் கருவி” என்று பெரியோர் சிலர் கூறினராம். தப்பு சாக்கில் சுற்றப்பட்டுப் பரணேறியது.

அப்பெரியோரை யாம் பழிக்கவில்லை. அவர் அக்கருவியோடு கட்டப்பட்டிருந்த இழிவினின்று எம்மவரை விடுவிக்க எண்ணினர் போலும். எனினும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிக் குறத்தியையும் கிறித்துவின் புகழ் பாட வைத்தார் அல்லரோ? மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ‘பறட்டை’ என அழைக்கப்பெற்று, 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு ஐயர், நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் வழிபாட்டிற்குள்ளேயே கொணர்ந்தார் அல்லரோ? ஓங்கி ஒலிக்கும் தாளங்களையும் துதிக்குரியனவாக எண்ணும் நூற்றைம்பதாம் சங்கீதத்தை ஓதும் நாம், தப்பை மட்டும் வாயிலில் நிறுத்தியது ஏன்?

சென்ற விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது, திண்ணையில் பாட்டனார் அருகே அமர்ந்து ‘மகிழ்ச்சி’யை ஒலிக்கவிட்டோம். கித்தார் அலறியபோது முகஞ்சுளித்தார். அடி எழுந்தபோது அவர் விரல்கள் திண்ணையின்மேல் தாமாகவே இயங்கின. பின்னர், “தம்பி, இது நமக்குத் தெரிஞ்ச அடிதான். சாவுக்கும் அடிப்போம், சாமிக்கும் அடிப்போம், கல்யாணத்துக்கும் அடிப்போம். எங்கள அவங்க சாவுக்குத்தான் கூப்பிட்டாங்க” என்றார். தொகுதியின் பெயரைச் சொன்னோம். “தப்புக்கு மகிழ்ச்சின்னு பேரு வச்சிருக்கானுவளா!” என்று கூறி நெடுநேரம் சிரித்தார்.

பின்பு பரணில் இருந்ததை இறக்கச் சொன்னார். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் எம் தென்னைகளோடு வீட்டுக் கூரையையும் கொண்டுபோயிற்று. அன்று நனைந்த தோல் அழுகி உதிர்ந்துவிட்டிருந்தது. எஞ்சியது மரவட்டம் ஒன்றே. பாட்டனார் அதனைத் துடைத்து, இணைப்புகளை விரலால் அழுத்திப் பார்த்து, “கட்டை கெடல, தோலு மட்டும் கட்டணும்” என்றார்.

தோல் கட்டுவிக்க யாம் இசைந்துள்ளோம். அதற்குமுன் செய்யவேண்டுவது ஒன்று உண்டு. அன்று வகுப்பில் எழுந்து சொல்லாத விடையை, எம் ஆசிரியரும் தோழரும் காண ஈண்டு எழுதுகின்றோம்: அறிவோம், ஐயா. எம் பாட்டனார் தப்படித்தவர்.