மார்கழி விடுமுறையும் அண்டை வீட்டுத் தட்டும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு ஆண்டு ஒன்றுதான். நாட்காட்டி மட்டும் இரண்டு. ஒன்று சுவரில் தொங்குவது. மற்றொன்று வீட்டுப் பெரியவர்களின் மனத்தில் இருப்பது. சுவரில் உள்ளது டிசம்பர் என்று சொல்லும். மனத்தில் உள்ளது மார்கழி என்று சொல்லும். இவ்விரண்டும் இசைந்து வந்தால் நம்மவர் இல்லங்களில் விடுமுறை இன்பமாகக் கழியும். இசையாவிடில் ஏக்கத்தில் கழியும்.

அன்பர்கள் இதனை நன்கு அறிவர். கருநாடகத்தில் பெரும்பாலான பள்ளிகளுக்குத் தசராவை ஒட்டி அக்டோபரிலேயே நீண்ட விடுமுறை வந்து போய்விடும். தமிழ்நாட்டிலோ அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் இறுதியில்தான் பிள்ளைகள் வீடு தங்குவர். அங்கே போகி தொடங்கிக் காணும் பொங்கல் வரை நான்கு நாள் திருநாள்; இங்கே சங்கராந்திக்கு ஒரு நாள் விடுமுறை. அத்தை மகனும் மாமன் மகளும் ஊரில் கூடியிருக்கும் வேளையில் நம் குழந்தைகள் இங்கே பாடப் புத்தகத்தோடு அமர்ந்திருப்பார்கள். பிரேசர் டவுனில் வாழ்வோர்க்கு மட்டும் இதில் ஒரு சலுகை உண்டு. இப்பகுதியில் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள் மிகுதி. அவற்றில் கிறிஸ்துமஸ் விடுமுறை விடுவார்கள். எனவே ஏசுபிரான் பிறந்த நாளின் பயனாகத்தான் எங்கள் இளமையில் மார்கழிப் பனியில் பாட்டியின் ஊருக்குச் செல்ல வாய்த்தது.

இப்பகுதியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் தகும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபோதே சென்னை மாகாணத்துச் சிப்பாய்களுடன் வணிகரும் தொழிலாளரும் பணியாட்களுமாகத் தமிழ் மக்கள் வந்து சேர்ந்தனர். 1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் வருகை பெருகிற்று. 1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் நகரை வாட்டியது. நெருக்கமான தெருக்களில் மக்கள் மாண்டதைக் கண்ட பின்னரே அகன்ற சாலைகளும் காற்றோட்டமான வீடுகளும் கொண்ட புதிய குடியிருப்புகளை அமைக்க முற்பட்டனர். அவ்வாறு 1910ஆம் ஆண்டில் உருவானதே மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் தாங்கிய இவ்வூர். இன்று புலிகேசி நகர் என்பது அரசாங்கப் பெயர். எனினும் ஆட்டோக்காரர் முதல் அஞ்சல்காரர் வரை பிரேசர் டவுன் என்றே சொல்லி வருகின்றனர்.

எங்கள் பாட்டனார் திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இருப்புப்பாதைக் கூலியாக வந்தவர். அவருக்குப்பின் தந்தையாரும் இரயில்வேயில் பணிபுரிந்தார். அவர் பணியில் இருக்கும்போதே காலமானதால், மெட்ரிக் தேறியிருந்த எமக்குக் கருணை அடிப்படையில் எழுத்தர் பணி கிட்டியது. மூன்று தலைமுறையாகப் பாதை ஒன்றே.

அந்நாளில் விடுமுறை என்றால் பெங்களூர் கிழக்கு நிலையத்தில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்குவதுதான். இரண்டரை மணி நேரப் பயணம். ஆயினும் மூன்று மாநிலங்களைக் கடந்தாக வேண்டும். பங்காருப்பேட்டை வரை பெயர்ப் பலகைகள் கன்னடத்தில் இருக்கும். குப்பத்தில் தெலுங்கு எழுத்து தோன்றும். அதன்பின் தமிழ் எழுத்து கண்ணில் பட்டதும் தமக்கையார் உரக்கப் படிப்பார். யார் முதலில் படிப்பது என்று எங்களுக்குள் போட்டி நடக்கும். நாங்கள் தமிழ் எழுத்தைக் கற்றது பாதி இரயிலின் சாளரத்தில்தான் என்றால் அது மிகையன்று.

பாட்டியின் வீடு ஓட்டு வீடு. விடியுமுன் சாணம் தெளித்த வாசலில் கோலமிட்டுப் பூசணிப்பூ வைப்பார். வயல் வரப்பில் மொச்சைக் கொடிகள் பனியில் நனைந்து கிடக்கும். பனி விழுந்தால்தான் மொச்சை மணக்கும் என்பது பாட்டியின் துணிபு. பறித்து வந்த காயை உரித்துக் கொட்டையை இரவெல்லாம் நீரில் ஊறப்போடுவார். காலையில் வீட்டார் அனைவரும் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொரு கொட்டையாக இரு விரலிடையே வைத்து அழுத்துவோம். தோல் கையில் நிற்கும். பருப்பு துள்ளிப் பாத்திரத்தில் விழும். சில நேரம் எதிரே இருப்பவர் முகத்திலும் விழும். அதுவே பிதுக்கம்பருப்பு. தேங்காய், கொத்தமல்லி, மிளகாய், பூண்டு ஆகியவற்றை அரைத்துச் சேர்த்துக் குழம்பு வைத்தால் கேழ்வரகுக் களிக்கு அதனினும் சிறந்த துணை இல்லை. பத்துப் பேர் உண்ணும் குழம்புக்குப் பத்துப் பேரும் ஒரு மணி நேரம் விரல் நோக உழைத்தாக வேண்டும். தனி ஆளாக அதனைச் செய்ய எவரும் துணியார். கூட்டுக் குடும்பத்தைக் கூட்டி வைத்ததில் அந்த மொச்சைக்கும் ஒரு பங்கு உண்டு என்று இப்போது தோன்றுகின்றது.

விடுமுறை முடிந்து பிரேசர் டவுன் திரும்பினால் இங்கும் அதே மணம் எதிர்கொள்ளும். கன்னடர் வட்டார என்று சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுக் கன்னட மூதாட்டியை நாங்கள் அஜ்ஜி என்றே அழைப்போம். அன்னையார் அக்கா என்பார். அவரும் மொச்சையை அவரெ என்று சொல்லி, ஊறப்போட்டு, அதே போலப் பிதுக்குவார். எங்கள் களி அவர்களுக்கு முத்தே. மார்கழி அவர்களுக்குத் தனுர் மாதம். நாம் வெண்பொங்கல் வைத்துப் படைக்கும் அதே வைகறையில் அவர்கள் ஹுக்கி என்று சொல்லி அரிசியும் பருப்பும் பொங்குவார்கள். குழம்பில் கசகசா சேர்க்கலாமா கூடாதா என்பது பற்றி மட்டும் அன்னையார்க்கும் அஜ்ஜிக்கும் இருபது ஆண்டுகளாக வழக்கு நடந்து வந்தது. இரு திறத்தாரும் தத்தம் குழம்பைக் கிண்ணத்தில் சாட்சியாக அனுப்புவர். எங்களுக்கோ வழக்கு முடியாமல் இருப்பதே நன்மையாயிற்று.

எதிர் வீட்டில் இருந்த டீச்சரம்மா கத்தோலிக்கத் தமிழர். டிசம்பர் பிறந்ததும் அவர் வீட்டு வாசலில் தாள் நட்சத்திரம் ஒளிரும். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அங்கே மாவு பிசையும் வேலை நடக்கும். சிறு உருண்டைகளைச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டிக் கல்கல் செய்வார்கள். அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் இட்டு அச்சு முறுக்கு எடுப்பார்கள். சுருட்டும் வேலைக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். மாஸ்க் ரோட்டில் 1902ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆல்பர்ட் பேக்கரியில் கேக் வாங்கவும் எங்களையே ஏவுவார்கள். கிறிஸ்துமஸ் காலையில் துணி போர்த்திய தட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் வரும். மசூதியை அடுத்த தெருவிலிருந்த பாய் வீட்டுக்கும் போகும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பலாகாது என்பது எல்லா வீட்டாரும் ஒப்புக்கொண்ட சட்டம். ஒன்றும் இல்லையெனில் ஒரு பிடி சர்க்கரையேனும் வைத்து அனுப்புவர். அன்னையார் உடனே திருப்பமாட்டார். பொங்கல் வரை தட்டை வைத்திருந்து, சர்க்கரைப் பொங்கலும் இரு துண்டு கரும்பும் வைத்து அனுப்புவார். அன்றே அஜ்ஜி வீட்டிலிருந்து எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்த பொட்டலம் வரும். எள்ளும் வெல்லமும் உண்டு நல்ல சொல் பேசுக என்பது கன்னடர் சங்கராந்தி வழக்கு.

அந்த நல்ல சொல்லுக்கு ஒரு சோதனை வந்ததையும் இங்கே கூறாமல் இருத்தல் முறையன்று. 1991ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை மத்திய அரசிதழில் வெளியானது. அதனை அடுத்துப் பெங்களூரில் தமிழர்க்கு எதிராகக் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின; கடைகளும் குடிசைகளும் எரிந்தன; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊர் நீங்கின. நாங்கள் அப்போது நினைவு தெரியாத குழந்தைகள். தந்தையார் நிலையத்தில் பணியில் இருந்தார். கூட்டத்தின் காரணமாக இரு நாள் வீடு திரும்ப முடியவில்லை. அன்னையார் சொல்லக் கேட்டதை எழுதுகின்றோம்.

மாலையில் தெருவில் கூச்சல் கேட்டதும் அஜ்ஜி வந்து, “தங்கி, பிள்ளைகளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வா” என்றாராம். அன்னையார் தயங்கி, “அக்கா, எங்களால் உங்களுக்குத் துன்பம் வரக்கூடாது” என்றார். “அதெல்லாம் பிறகு பேசலாம். அந்த மொச்சை ஊறுகிறதே, அதையும் பாத்திரத்தோடு எடுத்து வா” என்றாராம் அஜ்ஜி. இரண்டு நாள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தைகள் சத்தமிடாதிருக்க மடியில் மொச்சையைக் கொட்டிப் பிதுக்கக் கொடுத்தார்களாம். யாரோ வாசலில் வந்து விசாரித்தபோது, இங்கே என் தங்கையும் அவள் மக்களும் இருக்கிறார்கள் என்று அஜ்ஜி கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் பொய் சொன்னதாக அன்னையார் இன்றளவும் ஒப்புக்கொள்வதில்லை.

அக்கலவரத்துக்குப்பின் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பாட்டி ஆளனுப்பினார். தந்தையார் நெடுநாள் யோசித்து இங்கேயே இருந்துவிட்டார். காரணம் கேட்டால், உத்தியோகம் என்று மட்டும் சொல்வார். அது முழுக் காரணம் அன்று என்பதை வீட்டார் அறிவோம்.

காலம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. பாட்டி மறைந்தார். பாகப்பிரிவினையில் ஓட்டு வீடும் வயலும் விலைபோயின. பெரியப்பா மக்கள் ஒசூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டனர். முன்பதிவு அலுவலகத்தில் எங்களைப் போன்ற எழுத்தர்களுக்குத் திருநாள் என்பது கூட்டம் மிகுந்த பணிநாள். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டதால், பொங்கலுக்கு ஊர் செல்வோர் நவம்பர் நடுவில் சாளரத்தின் முன் வந்து நிற்கின்றனர். அவர்கள் நீட்டும் படிவத்தில் புறப்படும் நிலையம், சேரும் நிலையம் என இரு கட்டங்கள் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கென ஒரு படிவம் எடுத்தபோது இரண்டாம் கட்டத்தில் எழுத ஊர் இல்லை. “இந்த லீவுக்கு நம்ம ஊருக்குப் போகிறோமா?” என்று பிள்ளைகள் கேட்டனர். அன்னையார் விடை சொல்லாமல் எழுந்து உள்ளே சென்றார்.

மறுநாள் அவரே ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குச் சென்று ஐந்து கிலோ மொச்சைக்காய் வாங்கி வந்தார். பழைய வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் அடுக்கு மாடி எழுந்துவிட்டது. டீச்சரம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அஜ்ஜி இரண்டு தெரு தள்ளி மகனோடு இருக்கின்றார். அன்னையார் அவரை ஆட்டோவில் அழைத்து வந்தார். மாடியில் பெயர் தெரியாத இரு வீட்டாரையும் கூப்பிட்டார். ஒருவர் தெலுங்கர், மற்றவர் ஒடியா பேசுவோர். அஜ்ஜியின் விரல்கள் இப்போது மடங்குவதில்லை. நாற்காலியில் அமர்ந்து, எங்கள் பிள்ளைகள் பிதுக்குவதை மேற்பார்வை செய்தார். கசகசா பற்றி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று ஒடியா வீட்டுக்குப் போன கிண்ணம் மூன்றாம் நாள் அரிசி மாவுப் பணியாரத்தோடு திரும்பி வந்தது.

இதனால் நாங்கள் உணர்ந்தது ஒன்று. ஊர் என்பது நிலமும் வீடுமாக இருந்த காலம் நம்மில் பலர்க்கு முடிந்து வருகின்றது. விற்றவர் திரும்ப வாங்கப்போவதில்லை. ஆனால் வழக்கம் என்பது பத்திரத்தில் எழுதப்பட்ட சொத்தன்று; கையால் செய்தால் இருக்கும், விட்டால் போய்விடும். அதுவும் ஒரு வீட்டுக்குள் மட்டும் அடைத்து வைத்தால் நெடுநாள் நில்லாது. வாசலைத் தாண்டி ஒரு தட்டு போய்த் திரும்பும் இடமே குடியேறியோர்க்கு ஊர். ஆபத்துக் காலத்தில் கதவைத் திறப்பவர் அந்தத் தட்டை ஏற்றவரே ஆவார். மேடைப் பேச்சாளர் வருவதில்லை.

ஆதலின் நம் சங்கத்துக் குடும்பங்களை அன்புடன் வேண்டுகின்றோம். இவ்விடுமுறையில் ஊர் செல்வோர் நலமே சென்று வருக. செல்ல இயலாதோர் பெரியவர்களின் கைப்பக்குவம் ஒன்றையேனும் பிள்ளைகள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் அளவையும் முறையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தமிழ் தெரியாத அண்டை வீடு ஒன்றுக்கு ஒரு கிண்ணம் அனுப்புங்கள். அது எப்போது திரும்பும் என்று எண்ணாதீர்கள். அனைவர் இல்லங்களிலும் நல்ல சொல்லும் பொங்கலும் பெருகுக.