ஆளுக்கு ஆறு புளியங்கொட்டை

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் வம்பு செய்தால் ஆசிரியருக்கு வழிகள் உண்டு. இடம் மாற்றி உட்கார வைக்கலாம். 'நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா' என்று சொல்லலாம். வம்பு செய்பவருக்கே 64 வயது என்றால்? யாரைக் கூட்டிவரச் சொல்வது?

கோவை காந்திபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைக்கு இப்படியொரு சிக்கல் வந்தது. அவருக்கு வயது 31. மாணவருக்கு அவர் அப்பா வயது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு, இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. ஒருநாள்கூட தாமதமாக வந்ததில்லை. வீட்டுப்பாடம் முதல் ஆளாக முடித்திருப்பார். இவ்வளவு நல்ல மாணவரைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று அந்த ஆசிரியை தூக்கம் கெட்டுக்கிடந்தார்.

காரணம் இதுதான். கேள்வி யாருக்குப் போனாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும்.

காலை ஆறரை மணி பேட்ச் அது. 14 பேர். அதில் 9 பேர் நர்ஸ்கள். சிலர் நைட் டூட்டி முடித்து முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு நேராக வகுப்புக்கு வருபவர்கள். 2024 அக்டோபரில், இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட மாடி வகுப்புகளில் கூட்டம் குறைவதே இல்லை. ஏ1, ஏ2, பி1 என்று படியேறி, பெரும்பாலும் பி2 வரை முடித்தால்தான் அங்கே முழுத் தகுதியுள்ள நர்ஸாகப் பதிய முடியும். இவர்கள் அப்போது ஏ2 படியில் இருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி சத்தியமங்கலம் பக்கத்துப் பெண். 24 வயது. அம்மாவின் வளையலை அடகு வைத்து ஃபீஸ் கட்டியவள். எழுதக் கொடுத்தால் பிழையே இருக்காது. பேசச் சொன்னால் மட்டும் நான்கைந்து விநாடி எடுத்துக்கொள்வாள். ஜெர்மனில் சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலா, பெண்பாலா, இரண்டும் இல்லையா என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து பெரியவர் முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்திருப்பார். சொல்லிவிட்டு, "அவ்வளவுதான் கண்ணு, ஈஸி" என்று சிரிப்பார்.

கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பாவம், புள்ள திணறுதே என்று எடுத்துக் கொடுக்கிறார். இப்படிப்பட்டவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். திமிர் பிடித்தவர் என்றால் கோபப்பட்டுவிடலாம். அன்பாக இடைஞ்சல் செய்பவரை என்ன செய்வது?

போதாக்குறைக்கு விவாதம் வேறு. ஜெர்மனில் 'சிறுமி' என்பதற்கு 'மெட்ஷென்' என்று பெயர். அந்தச் சொல் 'டாஸ்' என்ற மூன்றாம் பாலில் வரும். 'ஷென்' என்று முடியும் செல்லச் சொற்கள் எல்லாமே அப்படித்தான். அர்த்தத்தைப் பார்ப்பதில்லை, சொல்லின் வாலைத்தான் பார்ப்பார்கள். ஆசிரியை இதை இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தார். பெரியவர் விடவில்லை. "அதெப்படிங்க அம்மணி, பொம்பளப் புள்ளைய அஃறிணைல சேர்த்துடுவாங்களா?" என்று ஆரம்பித்து, உயர்திணை, தொல்காப்பியம், தன் பள்ளிக்காலத் தமிழய்யா என்று 25 நிமிடம் போனது. கேட்க சுவையாகத்தான் இருந்தது. ஆனால் நைட் டூட்டி முடித்து வந்த ஒருத்தி மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

மூன்றாவது வாரத்தில் தேனிக்காரப் பெண் ஒருத்தி நின்றுவிட்டாள். "டூட்டி மாறிடுச்சு மிஸ்" என்றாள். உண்மைக் காரணத்தைத் தோழி சொன்னாள். "அந்த அங்கிள் இருக்கறவரைக்கும் நான் வாயத் திறக்க முடியாது மிஸ்னு சொன்னா. பேசறதுக்குத்தானே காசு கட்டறோம்?"

ஆசிரியை முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். "எல்லாரும் பேசணும், எல்லாருக்கும் சான்ஸ் குடுக்கணும்" என்று பொதுவாகச் சொன்னார். பொதுவாகச் சொல்லும் புத்திமதி ஒரு விசித்திரமான தபால். போகவேண்டிய முகவரிக்குப் போகவே போகாது. பெரியவர் பலமாகத் தலையாட்டினார். "கரெக்டா சொன்னீங்க, இந்தப் புள்ளைங்க பேசவே மாட்டேங்குதுங்க" என்றார். ஏற்கெனவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பெண்களோ, தங்களைத்தான் குறை சொல்கிறார் என்று இன்னும் சுருங்கிப்போனார்கள்.

வகுப்பிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். அதன் விளைவு அவருக்குத் தெரியும். தான் மாணவியாக இருந்த வகுப்பில் ஓர் ஆசிரியர் இதேபோல ஒரு வயதானவரைப் பார்த்து, "சார், கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்க" என்று சொன்னதைப் பார்த்திருக்கிறார். அந்த விநாடியே மொத்த வகுப்பும் வயதானவர் பக்கம் சாய்ந்துவிட்டது. அதுவரை அவரைப் பற்றி முணுமுணுத்தவர்களும், 'என்ன இருந்தாலும் பெரியவர்' என்று ஆசிரியரை வில்லனாகப் பார்த்தார்கள். நம் ஊரில் இது இப்படித்தான். வயதுக்கு முன்னால் நியாயம்கூட செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

அதனால் ஆசிரியை ஒன்று செய்தார். ஒரு நோட்டை எடுத்து, ஒரே ஒரு நாள், யார் எத்தனை முறை பேசினார்கள் என்று கோடு போட்டார். இரண்டு மணி நேர வகுப்பில் பெரியவர் 61 முறை. சத்தியமங்கலம் பெண் 2 முறை. அதில் ஒன்று 'குட்டன் மோர்கன்', அதாவது காலை வணக்கம்.

கோடு போடும்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கவைக்கும் பயிற்சி வந்தால் மட்டும் பெரியவர் பதில் சொல்வதில்லை. "இந்த ஸ்பீக்கர் சரியில்லீங்க" என்பார், அல்லது ஒரு ஜோக் அடிப்பார், அல்லது பாத்ரூம் போய்விடுவார். எண்களைக் கேட்டு எழுதச் சொன்னால் 'ட்ஸ்வை' வரும் இடத்தில் எல்லாம் 'ட்ரை' என்று எழுதியிருந்தார். முன்னது 2, பின்னது 3. இந்த இரண்டும் ஜெர்மானியர்களுக்கே குழப்பம் தருபவைதான். அதனால் போனில் பேசும்போது அவர்களே 'ட்ஸ்வை'க்குப் பதிலாக 'ட்ஸ்வோ' என்பார்கள். ஆனால் ஒரே அறையில், ஒரு முறைகூட வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மறுநாள் 15 நிமிடம் முன்னதாக வரச் சொன்னார். கதவு திறந்தே இருந்தது. டீ வாங்கி வைத்திருந்தார்.

"பேரன் எப்படி இருக்கான் சார்?"

அவர் ஜெர்மன் கற்க வந்ததே பேரனுக்காகத்தான். மகள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். நான்கு வயதுப் பேரன் அங்கே மழலையர் பள்ளிக்குப் போகிறான். வீடியோ காலில் 'ஓபா' என்று தாத்தாவை அழைத்துவிட்டு ஜெர்மனில் மடமடவென்று பேசுகிறான்.

"அவனுக்கென்னங்க, நல்லா பேசறான். எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கறதில்ல."

ஆசிரியை நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. 35 வருடம் கணக்குப் பார்த்தவருக்கு எண்ணைக் காட்டினால் போதும் என்று தோன்றியிருக்கிறது. அது சரியான கணிப்பு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் பார்த்தார். 61-ல் விரல் நின்றது.

"இது நானுங்களா?"

"ஆமாங்க சார். ஒங்களுக்குப் பதில் தெரியும், எனக்கும் அது தெரியும். ஆனா பரீட்சைல அந்தப் புள்ளைங்க பக்கத்துல நீங்க உட்கார முடியாதுங்களே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஆசிரியை மெதுவாகக் கேட்டார். "சார், தப்பா நெனைக்காதீங்க. நான் பேசறது பின்னாடி வரிசைக்குக் கேக்குதுங்களா?"

அவர் டீ கிளாஸையே பார்த்தார். "வீட்ல டிவி சத்தத்துக்கு தெனமும் சண்டதானுங்க" என்றார். "நாமளே பேசிட்டிருந்தா ஒரு சௌகரியம் அம்மணி. அடுத்தவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்க வேண்டியதில்ல பாருங்க."

வயதாகும்போது காதில் முதலில் குறைவது பெரும்பாலும் மெல்லிய, கீச்சான ஒலிகள். உயிரெழுத்து கேட்கும், ஸ், ஃப், ஷ், ட் போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். 'சத்தம் கேக்குது, வார்த்தை புரியல' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஜெர்மனோ இந்த ஒலிகளாலேயே கட்டிய மொழி. 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவிக்குறை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண் மங்கினால் மறுநாளே கண்ணாடி போட்டுக்கொள்ளும் நாம், காது விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி ஒளித்து வைக்கிறோமோ தெரியவில்லை.

காது ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 35 வருடம் கேபினில் உட்கார்ந்து மற்றவர்களின் வாக்கியங்களை முடித்துவைத்த பழக்கம் எந்த மருத்துவரிடமும் தீராது. அதற்குத்தான் புளியங்கொட்டை வந்தது.

திங்கட்கிழமை ஆசிரியை ஒரு டப்பாவோடு வந்தார். ஆளுக்கு ஆறு புளியங்கொட்டை. ஒருமுறை பேசினால் ஒன்றை மேசை நடுவில் உள்ள கிண்ணத்தில் போட வேண்டும். கையில் தீர்ந்தால், மற்றவர்கள் எல்லோருக்கும் தீரும்வரை காத்திருக்க வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் யாரையும் குத்திக்காட்டியதாக ஆகவில்லை. கூடவே இன்னொரு விதி: கேள்வி கேட்டபின் மூன்று விநாடி யாரும் பேசக்கூடாது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியது இது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள்; மூன்று விநாடி பொறுத்தால் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள், பதிலும் நீளமாகிறது என்று அவர் கண்டார். மூன்று விநாடி சின்ன நேரம்தான். பெரியவருக்கு அது பழனி மலைப்படி மாதிரி இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெரியவரின் இடமும் முன்வரிசைக்கு மாறியது. ஸ்பீக்கர் அவர் பக்கம் வந்தது. பலகைக்குத் திரும்பிக்கொண்டே பேசும் வழக்கத்தை ஆசிரியை விட்டுவிட்டு, முகம் தெரியும்படி நின்று பேசத் தொடங்கினார். இதனால் மற்றவர்களுக்கும் உச்சரிப்பு தெளிவானது என்பது உபரி லாபம்.

முதல் நாள் பத்தே நிமிடத்தில் பெரியவரின் ஆறும் தீர்ந்தன. பக்கத்தில் சத்தியமங்கலம் பெண்ணிடம் ஆறும் அப்படியே இருந்தன. அவர் குனிந்து, "கண்ணு, ரெண்டு கடன் குடு. வட்டியோட தர்றேன்" என்றார். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளங்கையை மூடிக்கொண்டு, "இல்லீங்க அங்கிள், எனக்கு வேணும்" என்றாள்.

அன்று அவள் ஆறையும் செலவழித்தாள்.

ஏ2 தேர்வில் பேச்சுக்கு 100-ல் 25 மதிப்பெண். அதன் கடைசிப் பகுதியில் இருவர் ஜோடியாக உட்கார்ந்து, ஆளுக்கொரு அட்டவணையைப் பார்த்து, இருவருக்கும் ஒத்துவரும் நேரத்தைப் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒருவரே பேசித் தீர்த்தால் இன்னொருவர் பாடு திண்டாட்டம். இதற்காகவே ஆசிரியை பலகையில் ஒரு வாக்கியம் எழுதிப்போட்டார்: 'டார்ஃப் இஷ் பிட்டே அவுஸ்ரேடன்?' நான் பேசி முடித்துக்கொள்ளலாமா என்று பொருள். நம் பேச்சு வழக்கில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னால் எதிர்த்துப் பேசியதாகிவிடும். ஜெர்மனில் சொன்னால் பாடம்! நர்ஸ்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். நோயாளி, நர்ஸ் என்று நடிக்கும் பயிற்சியில் பெரியவர் நோயாளி. அவர் வழக்கம்போல் குறுக்கே புகுந்தபோது சத்தியமங்கலம் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து அந்த வாக்கியத்தை முழுசாகச் சொன்னாள். அவர் ஒரு விநாடி திகைத்து, பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "பிட்டே" என்றார். ஜெர்மனில் 'சொல்லுங்கள்' என்பதற்கும் அதுதான்.

எல்லா நாளும் இப்படி நல்லபடியாகப் போகவில்லை. ஒரு வாரம் மனத்தாங்கலோடு வராமலே இருந்தார். காது டெஸ்ட்டுக்குப் போனதாகப் பிறகு சொன்னார். கருவி வாங்க இன்னும் மூன்று வாரம் ஆனது. கருவி வந்தபின் 'ட்ஸ்வை'யும் 'ட்ரை'யும் பிரிந்தன. தொல்காப்பியம் மட்டும் அவ்வப்போது தலைகாட்டியது. ஆசிரியை அதற்கு வெள்ளிக்கிழமை கடைசி பத்து நிமிடத்தை ஒதுக்கிவிட்டார்.

சத்தியமங்கலம் பெண் பேச்சுப் பகுதியில் 25-க்கு 19 வாங்கினாள். பெரியவர் தேர்வு எழுதவில்லை, "எனக்கு எதுக்குங்க சர்டிபிகேட்?" என்றார். ஆனால் பி1 பேட்ச் தொடங்கிய அன்று, கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை ஒரு டப்பா நிறைய கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

நின்றுபோன தேனிப் பெண்ணுக்கு ஆசிரியை போன் செய்தார். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, வா, மறுபடி ஃபீஸ் வேண்டாம் என்றார். அவள், "இல்லீங்க மிஸ், ஆன்லைன்ல சேர்ந்துட்டேன்" என்றாள். அங்கே ஒரு பேட்ச்சுக்கு 40 பேர். கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது வசதியாக இருக்கிறதாம்.