சோறு உண்ணும் சம்பந்தி, உண்ணாத சம்பந்தி

ஜெருசலேமில் மஹனே யெஹூதா சந்தையை ஒட்டிய நஹ்லாவோத் பகுதி. அங்கே ஒரு சந்தில் இருந்த நண்பர் வீட்டுக்கு, கால் கிலோ திருநெல்வேலி அல்வாவோடு படியேறினேன். யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு இரண்டு நாள் இருந்தது. கதவைத் திறந்தவர், "கோதுமையா? உள்ளே வேண்டாம்" என்று மறித்தார். ரொட்டித் துணுக்குகூட மிஞ்சாமல் வீட்டைக் கழுவித் துடைத்தாகிவிட்டதாம். படிக்கட்டிலேயே நின்று இருவரும் தின்று தீர்த்தோம். வாசல் குழாயில் கை கழுவிய பிறகுதான் எனக்கு உள்ளே அனுமதி.

உள்ளே அவருடைய தாயார், எல்லோருக்கும் 'ஈமா', வெள்ளைத் துணி விரித்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். விரல் நுனியால் ஒவ்வொரு மணியாகத் தள்ளினார். ஒரு கோதுமை மணி கலந்திருந்தாலும் போச்சு. மூன்று தடவை பார்க்க வேண்டும். நானும் உட்கார்ந்தேன். எனக்கு அகப்பட்டது ஒரே ஒரு கல்.

எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டு யூதர்களின் முன்னோர் கிளம்பிய அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை. அந்த நினைவாக ஏழு நாளும் மட்சா எனும் புளிப்பில்லா அப்பம்தான். மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் அது அடுப்பேறியாக வேண்டும். அரிசியில்தான் சிக்கல். ஈமா குடும்பம் 1951-இல் பாக்தாத்திலிருந்து வந்தது. ஈராக்கிய யூதர்களுக்குச் சோறு உண்டு. மருமகளின் பெற்றோர் போலந்து வழி. அவர்களுக்கு அரிசி, பருப்பு, பட்டாணி எதுவும் ஆகாது.

பஸ்கா தொடங்கும் பௌர்ணமி இரவு செடர் விருந்துக்குப் போனபோது இரண்டு சம்பந்திகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். 'ஹரோசெத்' இரண்டு கிண்ணங்களில் இருந்தது. ஈமாவுடையது பேரீச்சம்பாகில் வாதுமைக்கொட்டை. சம்பந்தியுடையது ஆப்பிளும் வாதுமைக்கொட்டையும் திராட்சை மதுவும். அடிமைகள் பிசைந்த சேற்றுக்கு அடையாளமாம். ருசியில் பாக்தாத்துக்கே என் ஓட்டு. அடிமை வாழ்வை நினைவூட்டும் கசப்பிலும் கட்சி உண்டு: ஈமாவுக்குக் கீரை இலை, சம்பந்திக்குத் துருவிய காரக் கிழங்கு. கடுகு நெடிபோல் அது மூக்கில் ஏறியதில் எனக்குக் கண் கலங்கியது. "இப்போதுதான் எகிப்துக்குப் போயிருக்கிறீர்கள்" என்று சம்பந்தி சிரித்தார்.

பசித்தவர் யாரும் வந்து உண்ணலாம் என்று விடுதலைக் கதையின் தொடக்கத்திலேயே வாசித்தார்கள். வந்திருந்தவர்களில் அயலான் நான் மட்டும் இல்லை. மாடி வீட்டுக் கிழவர் ஒருவர், நண்பரின் அலுவலகத்தார் இருவர். ஒரு மணி மாவையும் உள்ளே விடாத வீட்டில் மனிதர்களிடம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

பிறகு ஈராக்கிய வழக்கம். ஆறு வயதுப் பேரன் மட்சாவைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"எங்கிருந்து வர்றே?"

"எகிப்துல இருந்து."

"எங்கே போறே?"

"ஜெருசலேமுக்கு."

"வந்து சேர்ந்துட்டியே!" என்றது ஒரு குரல். மேசையே அதிர்ந்தது. பையன் மட்டும் சிரிக்கவில்லை.

எகிப்தின் மேல் இறங்கிய பத்து வாதைகளுக்கும் ஒவ்வொரு துளி மதுவை விரலால் தட்டில் சிந்தினோம். எகிப்தியர் பட்ட துன்பத்துக்காக நம் கிண்ணம் குறைய வேண்டுமாம். வாசிப்பு நீண்டுகொண்டே போனது. பேரன் மடியில் தூங்கிவிட்டான். கடைசியில் சோறு வந்தது, ஆட்டுக்கறியோடு. சம்பந்தி தட்டில் உருளைக்கிழங்கு. சோற்றுத் தட்டை அவர் கையே எடுத்து எனக்கு நீட்டியது.

செடருக்கு உங்களை யாராவது அழைத்தால் தட்டாமல் போங்கள். கையில் பழம் போதும், கோதுமைப் பண்டம் வேண்டாம். கிளம்பும் முன் வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் முதல் கவளம் வாயில் வைத்தபோது மணி பத்தரை.