சாவி கைமாறும் வயது

ஆகஸ்ட் 3

மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல். காருக்குள் ஏற உடம்பு வளைய வேண்டும். 1954 முதல் 1957 வரை அந்தக் கூபே 1,400 மட்டுமே செய்யப்பட்டது. எடையைக் குறைக்க மெல்லிய எஃகுக் குழாய்களைப் பின்னிச் சட்டகம் அமைத்தார்கள். பக்கவாட்டில் அந்தக் குழாய்கள் உயர்ந்து நின்றதால் வழக்கமான கதவுக்கு இடமில்லாமல் போய், கதவு கூரையிலிருந்து மேல்நோக்கித் திறந்தது. அகலமான விளிம்பைக் காலால் தாண்டி, உடலைச் சரித்து இருக்கையில் இறக்க வேண்டும். அதற்கு வழிவிட ஸ்டீயரிங் சக்கரமே மடங்கிக் கொடுக்கும். முப்பது வயதுக்காரருக்கு இது பெருமை, எண்பது வயதுக்காரரின் இடுப்புக்கும் முழங்காலுக்கும் தண்டனை. தாழ்ந்த இருக்கை, அழுத்தமான கிளட்ச், பவர் ஸ்டீயரிங் இல்லாத முன்சக்கரங்கள் என்று அந்தக் கால ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாமே இளம் உடலை நினைத்துச் செய்யப்பட்டவை. அதனால் ‘இனி இதை என்ன செய்வது’ என்ற கேள்வி மற்றக் கார்களைவிட இவற்றுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது. பிரிட்டனில் 70 வயதில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை. அங்கே சட்டம் கேட்பது ஓட்டுவதற்குத் தகுதி உண்டா என்பதை மட்டும்தான். காரின் எதிர்காலத்தைப் பற்றி உரிமையாளர்தான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘என் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டுவிடுவது முடிவெடுத்ததாக ஆகாது. ஓட்ட முடியாமல் போனாலும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடிகிற காலத்திலேயே கார் அடுத்தவர் கைக்குப் போய்விட வேண்டும் என்பதே என் கட்சி. அது ஏன் என்பதை வரும் நாட்களில் எழுதிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 5

‘ஓட்டாவிட்டால் என்ன, கொட்டகையில் பத்திரமாக இருக்கட்டுமே’ என்பதுதான் முதலில் எழும் பதில். இயந்திரத்தின் இயல்பு இதற்கு எதிரானது. நின்ற காரில் பெட்ரோல் கெட்டுக் கார்ப்புரேட்டரில் பிசினாகப் படிகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கிறது, பிரேக் ஆயிலும் அப்படியே. ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன, டயர் ஓடாமலே முதுமை அடைகிறது. சரி, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்போம் என்றால், சில கார்களுக்கு அது இன்னும் கெடுதல். 300 எஸ்.எல். எஞ்சினில் இக்னிஷனை அணைத்த பிறகும், சுழற்சி முழுதாக நிற்கும்வரை இன்ஜெக்ஷன் பம்ப் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். பந்தயத்தின் சூட்டைத் தாங்குவதற்காக அந்தக் காரில் ஆயிலின் அளவும் அதிகம். குறுகிய ஓட்டத்தில் அது போதுமான சூட்டுக்கு வராது, கலந்த பெட்ரோலும் ஆவியாகிப் போகாது. நீண்ட தூரம் ஓட்டுவதும் அடிக்கடி ஆயில் மாற்றுவதும்தான் மருந்து. இதைத் தெரிந்த உரிமையாளர் காரைக் காப்பாற்றுவார். தெரியாத வாரிசு, அக்கறையோடு வாரா வாரம் ஸ்டார்ட் செய்தே எஞ்சினைத் தேய்த்துவிடுவார்.

இந்த அறிவில் ஒரு பகுதிதான் கையேட்டில் இருக்கிறது. 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் மூன்று எஸ்.யூ. கார்ப்புரேட்டர்களும் ஒரே அளவில் காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து உறிஞ்சும் ஓசையை ஒப்பிடுவது பழைய முறை. கையேடு முறையைச் சொல்லும், சரியான ஓசை எது என்பதைக் காதுதான் சொல்லும். குளிர்ந்த காலையில் சோக்கை எவ்வளவு இழுப்பது, எந்த கியர் முரண்டு பிடிக்கும், இருபது ஆண்டுக்கு முன் எந்தப் பாகம் எங்கே கடைந்து பொருத்தப்பட்டது என்பவையும் அந்த வகைதான். கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது உலோகத்தோடு இதுவும் போக வேண்டும். வித்வானின் வீணையைப் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு சீடனைத் தேட முடியாது.

ஆகஸ்ட் 8

நடந்தவற்றைப் பார்ப்போம். வில்லியம் ஹாரா நெவாடாவில் சூதாட்ட விடுதிகள் நடத்திப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். சுமார் 1,400 கார்களைத் திரட்டி, பட்டறையும் ஆவணக் கூடமும் வைத்து, ஒரு பல்கலைக்கழகம் போல நடத்தினார். 1978-இல் அறுவை சிகிச்சையின்போது இறந்தார், அப்போது வயது 66. கார்களுக்கென்று உறுதியான ஏற்பாடு இல்லை. அவருடைய நிறுவனத்தை 1980-இல் ஹாலிடே இன் வாங்கியது, கார்களும் சேர்ந்தே போயின. ஊர் மக்கள் கிளர்ந்து குரல் கொடுத்ததால் ஒரு பகுதி நன்கொடையாகக் கிடைத்து, 1989-இல் ரீனோ நகரில் தேசிய வாகன அருங்காட்சியகம் எழுந்தது. மீதியில் பெரும்பகுதி 1984 முதல் தொடர் ஏலங்களில் பல திசைகளுக்குப் போனது. அருங்காட்சியகம் கட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. பீட்டர் மல்லின் கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் பிரெஞ்சுக் கார்களுக்கென்றே 2010-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார். 2023 செப்டம்பரில் அவர் இறந்தார். 2024 பிப்ரவரியில் அதன் கதவுகள் மூடப்பட்டன, ஏப்ரலில் பல கார்கள் ஏலத்துக்கு வந்தன. தனிமனிதரின் காதலால் நிற்கும் கட்டடம் அவரோடு சாய்வது இயல்புதான்.

எதிர்ப்பக்கத்தில் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் நிற்கிறார். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை அமெரிக்கக் காரில் வெல்ல ஆசைப்பட்டு, சொந்தமாகவே கார் கட்டியவர். 1952-இல் நான்காம் இடம், 1953-இல் மூன்றாம் இடம். 1966 முதல் கோஸ்டா மெசாவில் அருங்காட்சியகம் நடத்தினார். எண்பதை நெருங்கும் வயதில், 1986-இல், தொகுப்பை மைல்ஸ் காலியரிடம் விற்றுவிட்டார். இந்தக் காலியரின் தந்தையும் பெரியப்பா சாம் காலியரும்தான் 1950 லெ மானில் கன்னிங்ஹாம் அணியின் காடிலாக் காரை ஓட்டிப் பத்தாம் இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள். அதாவது அந்தக் கார்களின் கதையை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த ஒருவரிடம் போயின. கன்னிங்ஹாம் 2003 வரை வாழ்ந்தார். அவருடைய கார்கள் இன்று ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரிலுள்ள ரெவ்ஸ் நிறுவனத்தில், பட்டறையும் நூலகமும் சூழ, ஓடும் நிலையில் இருக்கின்றன. ஃபிலடெல்ஃபியாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஃபிரெட் சிமியோனியும் காலத்தில் செய்தார். பந்தய ஸ்போர்ட்ஸ் கார்களை ஓர் அறக்கட்டளைக்குள் கொண்டுவந்து 2008-இல் அருங்காட்சியகம் திறந்தார். கட்டடத்துக்குப் பின்னால் உள்ள திடலில் அவற்றை ஓட்டிக் காட்டும் வழக்கத்தை ஏற்படுத்தினார். 2022-இல் அவர் மறைந்த பிறகும் அங்கே கார்கள் ஓடுகின்றன. ஹாராவிடம் பணத்துக்குக் குறைவில்லை. அவருக்குக் கிடைக்காதது கைமாற்றுவதற்கான காலம். அந்தக் காலம் நமக்கு உண்டு என்று நம்பிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

ஆகஸ்ட் 9

இதற்கு வரும் மறுப்புகளில் மனத்தைத் தொடுவது ஒன்று. முதியவரிடம் மிஞ்சியிருக்கும் மகிழ்ச்சியை ஏன் பறிக்க வேண்டும்? ஓட்டாவிட்டாலும் போர்வையை விலக்கிப் பார்த்துக்கொண்டு இருப்பாரே. இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். நாற்பது ஆண்டுப் பழக்கம் சொத்துக் கணக்கில் அடங்காது. ஆனால் ஓடாத காரைப் பார்ப்பதைவிட, நம்பிக்கையான கையில் அது ஓடுவதைப் பார்ப்பதும், சந்தேகம் கேட்டு அந்த ஆள் தேடி வருவதும் பெரிய மகிழ்ச்சி என்றே கருதுகிறேன். முதுமையில் மனிதர்கள் அதிகம் இழப்பது பிறருக்குத் தேவைப்படும் நிலையைத்தான். உரிய காலத்தில் கைமாறும் கார் அதைத் திருப்பித் தருகிறது.

அடுத்த மறுப்பு பணம் சார்ந்தது. அமெரிக்காவில் உயிரோடு இருக்கும்போது விற்றால், சேகரிப்புப் பொருள் என்ற வகையில் லாபத்தின் மீது 28 சதவீதம் வரை மத்திய வரி வரலாம். இறந்தபின் வாரிசுக்குப் போனாலோ, இறந்த நாளின் சந்தை மதிப்பே வாங்கிய விலையாகக் கொள்ளப்படும்; பழைய லாபம் வரியிலிருந்து மறைந்துவிடும். ஆகவே இறக்கும்வரை வைத்திரு என்று கணக்காளர் சொல்வார், கணக்கின்படி அது சரியே. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. வைத்துக்கொண்டே இறந்தால்தான், 3,25,000 பவுண்டு என்ற அடிப்படை வரம்புக்கு மேலான சொத்தோடு சேர்ந்து 40 சதவீத வாரிசு வரிக்கு உட்படும். கொடை கொடுத்து ஏழாண்டு வாழ்ந்தால் அந்த வரியும் இல்லை. ஆனால் கொடுத்துவிட்டுத் தானே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தால் அதைக் கொடையாக ஏற்பதில்லை. இரண்டு நாட்டுச் சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வரி எல்லோருக்குமான பொது விடை தராது என்று தெரிகிறது. அமெரிக்காவில் இருப்பவர்கூட உரிமையை வைத்துக்கொண்டே பயிற்சியை இன்றே தொடங்கலாம். வாரிசைப் பெயர் சொல்லி உயிலில் எழுதி, சாவியின் ஒரு பிரதியை இப்போதே கொடுக்கலாம். என் வாதத்துக்கு அது போதும்.

பிள்ளைகள்? அவர்களுக்கு ஆசை இருந்தால் அவர்களே முதல் உரிமை உள்ளவர்கள். ஆசை இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டு, இல்லை என்ற பதிலை வருத்தமின்றி ஏற்க வேண்டும். அப்பாவின் அன்புக்காகத் தலையாட்டிவிட்டு, இறந்த மறுமாதம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதைவிட அந்த ‘இல்லை’ நல்லது.

ஆகஸ்ட் 12

கோடீஸ்வரர்களைப் பற்றியே எழுதியிருக்கிறேன் என்ற குறை நியாயமானது. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. காரை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் அருங்காட்சியகம் எதுவும் வந்து கேட்காது. உண்மையில் அவர் நிலைமைதான் வசதியானது. அந்தக் காருக்குப் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழு உடற்கூட்டையே 1988 முதல் புதிதாகச் செய்து தருகிறது. நாற்பது ஆண்டு தாண்டிய காருக்குப் பிரிட்டனில் சாலை வரி இல்லை, பெரிய மாற்றம் செய்யப்படாதிருந்தால் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. இருபத்தைந்து வயது மெக்கானிக் ஒருவரால் இதைக் கட்டிக்காக்க முடியும். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் மெக்ஃபெர்சன் கல்லூரி, உள்ளூர் வணிகர் ஒருவர் தம் பழைய கார்களைத் தர முன்வந்ததால் 1976-இல் கார் புனரமைப்பைப் பாடமாக்கியது. பின்னர் அதையே பட்டப்படிப்பாக உயர்த்தியது. அந்த மாணவர்கள் புதுப்பித்த 1953 மெர்சிடிஸ் 300 எஸ். 2023-இல் பெபிள் பீச் பழைய கார் அழகுப் போட்டியில் தன் பிரிவில் இரண்டாம் பரிசு பெற்றது. இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். பணமும் இடமும் பலருக்கு இல்லை, ஆர்வம் இருக்கிறது.

வாங்குபவர் காரைக் கெடுத்துவிட மாட்டாரா என்ற அச்சம் மிஞ்சுகிறது. கெடுக்கலாம். நிறம் மாற்றலாம், வேறு எஞ்சின்கூட வைக்கலாம். ஆனால் ஏலத்தில் வாங்கும் அந்நியரைவிட, ஆறு மாதம் உரிமையாளரின் கூடவே கார் ஓட்டிப் பழகியவர் அப்படிச் செய்யும் வாய்ப்பு குறைவு. பிற்பாடு விற்க நினைத்தால் முதலில் பழைய உரிமையாளரிடமோ அவர் குடும்பத்திடமோ கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். ரசீதுகள், பழைய புகைப்படங்கள், கழற்றி வைத்த அசல் பாகங்கள் எல்லாம் காரோடு போக வேண்டும். எதை எப்போது மாற்றினோம் என்பதை உரிமையாளர் தன் கைப்படவே எழுதித் தர வேண்டும். இவ்வளவுக்கும் உடன்படுகிற இளைஞர் கிடைத்தால், ஏலக்காரர் சொல்லும் விலையில் கணிசமாகக் குறைத்துக்கொண்டாவது அவருக்கே கொடுக்க வேண்டும் என்பேன்.