காணாமல் போன மைனஸ்

கூடலூரில் பத்தி எழுதிப் பிழைக்கிறவனுக்கு மாசக் கடைசியில் எந்த வேலை வந்தாலும் தேவாமிர்தம்தான். 'பி.காம். படிச்சவனுக்குக் கணக்குப் புத்தகம் டைப் பண்ணத் தெரியுமா?' என்று நீங்கள் கேட்கலாம். டியூஷன் சார் கேட்கவில்லை!

"தம்பி, பத்தாங் கிளாசுக்கு நாற்பது பக்கம் பயிற்சி நோட்டு. தமிழ் மீடியம். அழகா வரணும்" என்றார்.

அந்த 'அழகா'வில்தான் வந்தது வினை.

கணக்கை அச்சுக்கோக்க 'டெக்' என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. 1977-ல் தன் புத்தகத்தின் அச்சுப் புரூஃபைப் பார்த்து நொந்துபோன டொனால்ட் குனூத் என்ற அமெரிக்கப் பேராசிரியர், தானே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது. அதற்கென்று தயார் செய்த எழுத்துகளைத்தான் அது மதிக்கும். 2004-ல் ஜொனாதன் கியூ என்பவர் 'ஸீடெக்' என்று ஒரு வாரிசைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரில் கிடக்கும் ஃபான்ட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வந்து நிற்கும்.

கூப்பிட்டேன். தமிழ் ஜம்மென்று வந்தது. ஆனால் ஃபார்முலாக்கள் மட்டும் பழைய ஃபான்ட்டிலேயே, வேட்டி கட்டிய கல்யாணத்தில் கோட்டு சூட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. பாட எழுத்துக்குப் போடும் உத்தரவு கணக்கைக் கட்டுப்படுத்தாதாம். விடுவேனா? எண், எழுத்து, பிளஸ், மைனஸ் எல்லாவற்றையும் அதே தமிழ் ஃபான்ட்டுக்கு மாற்றினேன். பார்க்க அழகு! மழையில் நனையாமல் முப்பது காப்பி ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுக் காசையும் வாங்கிவிட்டேன்.

நாலாம் நாள் சார் கூப்பிட்டு அனுப்பினார். போனால், ஒரு பெண் நோட்டோடு நிற்கிறாள். அம்மாவுக்கு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற வேலை.

"நாலு தடவை போட்டுட்டேன் அண்ணா. விடை வரல. எனக்குக் கணக்கு வராது போல..."

அழித்து அழித்து அந்தப் பக்கமே கிழிகிற நிலையில் இருந்தது. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 5 எக்ஸ் பிளஸ் 6 என்று இருக்க வேண்டிய இடத்தில் மைனஸைக் காணோம்! வெறும் இடைவெளி. அவள் அதைப் பிளஸ் என்று எடுத்துக்கொண்டு மைனஸ் 2, மைனஸ் 3 என்று சரியாகவே போட்டிருக்கிறாள். பின்னால் விடையில் 2, 3. தப்பு தன்னுடையது என்று முடிவு கட்டிவிட்டாள். என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். அந்த ஃபான்ட்டில் ஹைஃபன் இருக்கிறது, கணக்கு மைனஸ் இல்லை. நம் கண்ணுக்கு இரண்டும் சின்னக் கோடு. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு எழுத்து. இல்லாத எழுத்தை மென்பொருள் விட்டுவிட்டு, லாக் ஃபைலில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது. அதை யார் படித்தார்கள்? பேங்க் லோன் பாரத்தின் பின்பக்கத்தையே படிக்காதவன் நான்.

கணக்கு ஃபான்ட் என்பது வெறும் அழகு சமாசாரம் இல்லை. பவர் எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும், பின்னக் கோடு எந்த மட்டத்தில் ஓட வேண்டும், ரூட் குறி எப்படி வளர வேண்டும் என்று அதற்குள்ளேயே ஒரு அளவுப் பட்டியல் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2007 ஆஃபீஸோடு கொடுத்த கேம்ப்ரியா மேத் அப்படிப்பட்டது. சாதாரண ஃபான்ட்டில் இந்தப் பட்டியல் கிடையாது.

எண்களை மட்டும் தமிழ் ஃபான்ட்டில் விட்டு, மற்றதையெல்லாம் கணக்கு ஃபான்ட்டிடமே ஒப்படைத்தேன். லாக் ஃபைலை வரி வரியாகப் படித்தேன். என் செலவில் மறுபடி முப்பது காப்பி. லாபம் போய் நஷ்டம். பி.காம். வழக்கப்படி அதை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டேன்.

குனூத் தன் புத்தகத்தில் தப்புக் கண்டுபிடித்தவர்களுக்கு 2 டாலர் 56 சென்ட்டுக்குச் செக் அனுப்பிப் பேர் வாங்கியவர். நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

"எதுக்கு அண்ணா?"

"உனக்குக் கணக்கு வரும்மா. எனக்குத்தான் வரல."